வியாழக்கிழமை எட்டரை மணி எண்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் கிண்டல் செய்வார்கள். வியாழக்கிழமை காலை எட்டரை மணி ஆனால், காபி ஆறுவதற்குள் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட வேண்டும். அப்புறம்தான் மற்ற வேலை. அமெரிக்கத் தொழிலாளர் துறை வாராவாரம் வெளியிடும் எண் அது. முந்தைய சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தில், "எனக்கு வேலை போய்விட்டது, காப்பீட்டுப் பணம் கொடுங்கள்" என்று புதிதாக எத்தனை பேர் மனுப் போட்டார்கள் என்ற கணக்கு.

பொருளாதாரத்தைப் பற்றிய மற்ற எண்கள் எல்லாம் மெதுவாக வரும். வேலையில்லாதோர் விகிதம் மாதத்துக்கு ஒரு முறை, நாட்டின் மொத்த உற்பத்தி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இது ஐந்தே நாளில் வந்துவிடும். அதனால்தான் பங்குச்சந்தைக்காரர்களிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வரை எல்லோரும் இதை நாடி பிடித்துப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

2023 ஜனவரியில் இங்கே நியூஜெர்சியில் என் நண்பர் ஒருவருக்கு வேலை போனது. கணினித் துறை, எச்-1பி விசா. செய்தித்தாள் முழுக்க மென்பொருள் நிறுவனங்களின் ஆட்குறைப்புதான். ஆனால் வியாழக்கிழமை எண் மட்டும் அசையவே இல்லை; 2 லட்சத்தை ஒட்டியே நின்றது. அதை அவரிடம் சொன்னபோது ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கணக்குல நான் இருக்கேனா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்கும் எண். அது யாரை எண்ணுகிறது என்று நான் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஏழு ஷில்லிங்

வேலை போவதற்கு எதிராக நாடு தழுவிய கட்டாயக் காப்பீடு என்பதை முதலில் செய்து பார்த்தது பிரிட்டன். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம். லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்த காலம். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, சர்ச்சில் வர்த்தக வாரியத்தில் இருந்தபோது, வேலைவாய்ப்பு நிலையங்களுக்கான சட்டம் வந்துவிட்டது. அதற்கு மூளையாக இருந்தவர் வில்லியம் பெவரிட்ஜ்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அலுவலகம், பிறகு காப்பீடு. காரணம் எளிது. ஒருவர் நிஜமாகவே வேலையில்லாமல் இருக்கிறாரா, வேலை கிடைத்தும் போகாமல் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரில் வந்து பெயர் பதிய ஓர் இடம் வேண்டும். அங்கே வேலை காலியிருந்தால் அனுப்பிவைப்பார்கள். இல்லையென்றால் பணம் கொடுப்பார்கள். தொழிலாளி வாரத்துக்கு இரண்டரைப் பென்னி, முதலாளி இரண்டரைப் பென்னி கட்ட வேண்டும். அதற்கு மேல் அரசும் ஒரு பங்கு போட்டது. வேலை போனால் வாரத்துக்கு 7 ஷில்லிங், ஒரு வருஷத்தில் அதிகபட்சம் 15 வாரம். கட்டடம், கப்பல், பொறியியல் போன்ற சில தொழில்களில் மட்டும், சுமார் இருபத்திரண்டரை லட்சம் பேருக்கு. 1913 ஜனவரியில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆக, தொடக்கத்திலிருந்தே இது பணம் கொடுப்பதற்காக வைத்த வாசல். எண்ணிக்கை என்பது வாசலில் நிற்கும் ஆள் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம். வாசலுக்கு வராதவர் நோட்டில் ஏற மாட்டார்.

விஸ்கான்சினிலிருந்து வாஷிங்டனுக்கு

அமெரிக்காவில் முதல் சட்டம் விஸ்கான்சின் மாநிலத்தில் வந்தது, 1932 ஜனவரியில். அதன் பின்னணியில் ஜான் காமன்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இருந்தார்கள். காமன்ஸின் யோசனை பிரிட்டனுடையதிலிருந்து வேறானது. தொழிற்சாலை விபத்துக்கு முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளிகள் இயந்திரங்களுக்குத் தடுப்பு வைத்தார்கள் இல்லையா? அதே போல வேலைநீக்கத்துக்கும் ஒரு விலை வைத்தால், தேவையில்லாமல் ஆளை நிறுத்த யோசிப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதிகம் பேரை நிறுத்தும் நிறுவனம் அதிக வரி கட்ட வேண்டும்.

இந்த விதி இன்றும் இருக்கிறது. அதற்கு ஒரு பின்விளைவும் இருக்கிறது. தன் தொழிலாளி மனுப் போட்டால் வரி ஏறும் என்பதால், "அவரே ராஜினாமா செய்தார்", "ஒழுங்கீனத்துக்காக நீக்கினோம்" என்று மனுவை எதிர்த்து வாதாட முதலாளிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வேலைநீக்கத்தைத் தடுப்பதற்காக வைத்த விலை, மனுவைத் தடுப்பதற்கும் பயன்படுகிறது.

அமெரிக்காவின் முதல் வேலையிழப்புக் காசோலை 1936 ஆகஸ்ட் 17 அன்று விஸ்கான்சினின் மேடிசன் நகரில் கொடுக்கப்பட்டது. 15 டாலர்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1935 ஆகஸ்ட் 14 அன்று, ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைத் தயாரித்த குழுவின் தலைவர் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சஸ் பெர்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். அவர்களுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது: மத்திய அரசே நேரடியாக நடத்தினால் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடும். அதனால் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள். சம்பளப் பட்டியல் மீது மத்திய அரசு ஒரு வரி போடும். மாநிலம் தனக்கென்று ஒரு காப்பீட்டுச் சட்டம் வைத்திருந்தால், அந்த வரியில் 90 சதவீதத்தை முதலாளி கழித்துக்கொள்ளலாம். மாநிலம் சட்டம் போடாவிட்டால் அந்தப் பணம் வாஷிங்டனுக்குப் போய்விடும்.

எந்த மாநிலம்தான் சும்மா இருக்கும்? 1937க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டுவிட்டன. அதே வருஷம் உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதைச் செல்லும் என்று சொன்னது.

தந்திரம் பலித்தது. ஆனால் விளைவு என்ன? ஒரு நாட்டுக்கு ஒரு காப்பீடு இல்லை, மாநிலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி, தனித்தனித் தொகை, தனித்தனி அலுவலகம், பிற்காலத்தில் தனித்தனிக் கணினி. பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம் பணம் கிடைக்கும். ஃப்ளோரிடாவிலும் வட கரோலினாவிலும் அதை 12 வாரம் வரை குறைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வரும் அந்த ஒற்றை எண், 50 மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் போர்ட்டோ ரிக்கோவும் வர்ஜின் தீவுகளும் அனுப்பும் 53 நோட்டுப் புத்தகங்களின் கூட்டல்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

1935 சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விவசாயக் கூலிகளுக்கு இல்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இல்லை. எட்டுப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இல்லை.

அன்றைக்குத் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதி பருத்திக் காட்டிலும் அடுத்தவர் வீட்டுச் சமையலறையிலும்தான் இருந்தார்கள். தெற்கத்திய அரசியல்வாதிகள் திட்டமிட்டு நீக்கினார்களா, அல்லது சிதறிக் கிடக்கும் வேலைகளில் வரி வசூலிப்பது கஷ்டம் என்ற நிர்வாகக் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காரணம் எதுவானாலும் பலன் ஒன்றுதான். வேலை போனால் மிக அதிகமாக அடிபடக்கூடியவர்களுக்கு வாசல் இல்லை. பெரிய பண்ணைகளின் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களில் ஒரு பகுதியையும் உள்ளே கொண்டுவரவே 1976ஆம் ஆண்டின் திருத்தம் தேவைப்பட்டது. நாற்பது வருஷம்.

ஒரு கோட்டின் கதை

இன்று வலையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய வாராந்திரத் தொடர் 1967 ஜனவரியில் தொடங்குகிறது. நான் அதை எக்செல்லில் போட்டு வரைந்து வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க அதில் ஒரு நாட்டின் கதை தெரியும்.

1968 நவம்பர் கடைசியில் 1 லட்சத்து 62 ஆயிரம், தொடரின் அடிமட்டங்களில் ஒன்று. வியட்நாம் போர் நடக்கிறது, தொழிற்சாலைகள் இரவுபகலாக ஓடுகின்றன. அப்படியே 1982க்கு வாருங்கள். பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை ஏற்றியிருந்தார். 1981இல் வங்கிகளுக்கிடையேயான வட்டி 20 சதவீதத்தை நெருங்கியது. கார், எஃகு, கட்டுமானம் எல்லாம் படுத்துவிட்டன. 1982 அக்டோபர் 2 அன்று முடிந்த வாரத்தில் 6 லட்சத்து 95 ஆயிரம் மனுக்கள். இந்தச் சாதனை 37 வருஷம் நின்றது. 2008 நிதி நெருக்கடியில்கூட உச்சம் 6 லட்சத்து 65 ஆயிரம்தான், 2009 மார்ச் கடைசியில்.

வெறும் எண்ணை ஒப்பிடுவது தப்பு. ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் அல்லவா? அதனால் வேலையில் இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கு எத்தனை மனு என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 1968இன் அந்த வாரத்தில் 2. 1982இல் 7. 2009இல் 5க்குக் கொஞ்சம் கீழே. 2023 தொடக்கத்தில் ஒன்றேகால்.

அப்படியானால் 1968ஐவிட இன்று வேலை பாதுகாப்பாக இருக்கிறதா? இங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒரு பகுதி உண்மையான மாற்றம்தான். அன்றைக்குக் கார் தொழிற்சாலை புது மாடலுக்காகச் சில வாரம் மூடினால் மொத்த ஆட்களும் மனுப் போடுவார்கள், பிறகு அதே இடத்துக்குத் திரும்புவார்கள். இன்று அந்த மாதிரி வேலைகள் குறைவு. ஆனால் இன்னொரு பகுதி வாசல் குறுகியதால் வந்தது. தொழிற்சங்கம் இருந்த இடத்தில் எப்படி மனுப் போடுவது என்று சொல்லித்தர ஆள் இருந்தது, சங்கங்கள் தேய்ந்துவிட்டன. வாடகைக் கார் செயலி ஓட்டுபவரும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவரும் சட்டப்படி பெரும்பாலும் ஊழியரே இல்லை. கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில், வேலையில்லாத அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான் இந்தக் காப்பீட்டுப் பணம் கிடைத்துக்கொண்டிருந்தது.

எண் குறைந்தால் நல்ல செய்தி என்று நாம் படிக்கிறோம். வேலை போவது குறைந்தாலும் எண் குறையும். மனுப் போடுவது கஷ்டமானாலும் எண் குறையும். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

2020 மார்ச் 26

அந்த வியாழக்கிழமையை மறக்க மாட்டேன். முந்தைய வாரம் 2 லட்சத்து 81 ஆயிரம் என்று வந்திருந்தது. உணவகம், கடை, பள்ளி எல்லாம் மூடிவிட்டார்கள். பத்து லட்சத்தைத் தாண்டும் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டரைக்கு வந்தது: 32 லட்சத்து 83 ஆயிரம். என் வரைபடத்தில் 53 வருஷத்து மேடுபள்ளமெல்லாம் ஒரே நொடியில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. வலது ஓரத்தில் மட்டும் ஒரு கொடிமரம். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அந்தக் கொடிமரத்தைப் பக்கத்தின் உச்சி வரை அச்சிட்டார்கள். அடுத்த வியாழன் அதைப் போல இரண்டு மடங்கு: 66 லட்சத்து 48 ஆயிரம். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 42 பேர், ஒரே வாரத்தில்.

அவ்வளவு பெரிய எண்ணும்கூட முழுசு இல்லை. மனுப் போட முடிந்தவர்கள் மட்டும்தான் அதில் இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் கூட்டம் தாங்காமல், குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து இன்ன கிழமைதான் விண்ணப்பிக்கலாம் என்று பிரித்தார்கள். ஃப்ளோரிடாவின் ஹயலியா நகரில் இணையதளம் முடங்கியதால் காகித விண்ணப்பம் வாங்க, நோய் பரவும் நேரத்தில், ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் நியூஜெர்சி ஆளுநர் தொலைக்காட்சியில் தோன்றி, பழைய கணினிகளைச் சரிசெய்ய கோபால் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நம்மூர் கோபால் இல்லை; 1959இல் பிறந்த கணினி மொழி. 2000ஆவது ஆண்டுப் பிரச்சினையைச் சரிசெய்ய இந்த மொழியைப் படித்துவிட்டு விமானம் ஏறி வந்த தமிழர்கள் இங்கே நிறைய உண்டு. அன்று என் வாட்ஸப் குழுவில் சிரிப்பும் வருத்தமுமாக அதே பேச்சுதான்.

எங்கள் தெருமுனை உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தினமும் காலையில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீட்டுவேலை செய்வாராம். மூன்றாவது வாரம்தான் மனு பதிவானது. மார்ச் 16 அன்றே அவருக்கு வேலை போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தில் அவர் ஏப்ரல் ஆள்.

எட்டு லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்?

குறைவாக எண்ணிய கதை அது. அதே வாரங்களில் கூடுதலாக எண்ணிய கதையும் உண்டு.

பத்திரிகையில் வரும் எண் நேரடி எண் இல்லை. பருவகாலத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. ஜனவரியில் பண்டிகைக் கால வேலைகள் முடிந்து மனுக்கள் எப்போதும் ஏறும். வசந்தத்தில் எப்போதும் இறங்கும். இந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தை நீக்கினால்தான் புதிதாக என்ன நடக்கிறது என்று தெரியும். மார்ச் கடைசி வாரம் சாதாரணமாக மனு குறைவான வாரம். அதனால் நேரடி எண்ணைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டுவார்கள். 2020இன் அந்த வாரத்துக்கான பெருக்கல் ஏறக்குறைய 1.14.

சாதாரண வருஷத்தில் இது ஒரு விஷயமே இல்லை. 2 லட்சம் மனு வந்தால் 2 லட்சத்து 28 ஆயிரம் என்று காட்டும். ஆனால் அந்த வாரம் நேரடியாக வந்தவை சுமார் 58 லட்சம். அதையும் அதே 1.14ஆல் பெருக்கினார்கள். 66 லட்சம் ஆயிற்று. நடுவில் உள்ள 8 லட்சம் பேர் எந்த அலுவலகத்திலும் மனுப் போடவில்லை. பெருக்கல் கணக்கில் பிறந்தவர்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. பெருந்தொற்றுக்கும் வசந்தகாலத்துக்கும் சம்பந்தமில்லை என்பது சூத்திரத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். செப்டம்பர் தொடக்கத்தில் பெருக்கலை விட்டுவிட்டுக் கூட்டல் முறைக்கு மாறினார்கள். பின்னாளில் பழைய வாரங்களையும் திருத்தினார்கள். இன்று அதே வாரத்தை எடுத்தால் 60 லட்சத்தை ஒட்டி இருக்கும். அன்று அச்சான செய்தியும் இன்றைய தொடரும் ஒத்துப்போகாது. பழைய பத்திரிகையை வைத்து வரலாறு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னும் இருக்கிறது. மார்ச் 27 அன்று கையெழுத்தான நிவாரணச் சட்டம், சுயதொழில் செய்பவர்களுக்கும் செயலி வழி வேலை செய்பவர்களுக்கும் ஒரு தற்காலிக வாசலைத் திறந்தது. ஜூலைக் கடைசி வரை எல்லோருக்கும் வாரம் 600 டாலர் கூடுதலாகவும் கொடுத்தது. அவசரமாகத் திறந்த வாசலில் திருடர்களும் நுழைந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மோசடியாகப் போனது 10,000 கோடி டாலரிலிருந்து 13,500 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. தேங்கிய பல வாரத்து மனுக்களை மாநிலங்கள் ஒன்றாகப் பதிந்ததால், மனுக்களின் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அதே அலுவலகம் 2020 நவம்பரிலேயே எச்சரித்திருந்தது.

நண்பருக்குப் பதில்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் இந்தக் காப்பீட்டுக்கு வழக்கமாக முதலாளி மட்டும்தான் வரி கட்டுகிறார். தொழிலாளியின் சம்பளத்திலும் பிடிப்பது மூன்றே மாநிலங்களில்: அலாஸ்கா, பென்சில்வேனியா, நியூஜெர்சி. நண்பர் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அந்தச் சின்னப் பிடித்தம் இருந்தது. ஒன்பது வருஷம்.

பணம் வாங்க வேண்டுமானால், இன்னொரு வேலைக்கு உடனே போகத் தயாராகவும், சட்டப்படி தகுதியோடும் இருக்க வேண்டும். எச்-1பி ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்ட அனுமதி. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு முதலாளி மனுச் செய்ய வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அந்த 60 நாளில் அவர் வேலைக்குத் தகுதியானவர் என்று பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே பணம் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காது என்று தெரிந்ததால் அவர் மனுப் போடவில்லை. மனுப் போடாததால் எண்ணில் ஏறவில்லை.

"இல்லப்பா, நீ அதுல இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "1935ல சமையல்காரம்மாவும் இல்லைன்னு சொன்னியே" என்றார். அவர் படித்தவர், சேமிப்பு உள்ளவர். இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பிடித்த நூல் சரியான நூல்தான்.

அவருக்கு ஐம்பத்திரண்டாவது நாள் வேறு வேலை கிடைத்தது. நான் இன்றும் வியாழக்கிழமை எட்டரைக்கு அந்த எண்ணைப் பார்க்கிறேன். இவ்வளவு சீக்கிரம் வரும் வேறு எண் இல்லை. வாசலில் வரிசை நீளும்போது அதைப் போலச் சரியாகச் சொல்லும் கருவியும் இல்லை. ஒரே ஒரு மாற்றம். என் எக்செல் கோப்பில் அந்தப் பத்திக்கு "வேலை இழந்தவர்கள்" என்று தலைப்பு வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு "மனுப் போட முடிந்தவர்கள்" என்று மாற்றியிருக்கிறேன்.